உஷார்! கேம் திறக்காத அந்த ஒரு மணி நேரம்

கணினியில் விண்டோஸ் 11 போட்டாயிற்று. பையன் ஆசையாகப் போய் கேமை டபுள் கிளிக் செய்கிறான். திறக்கவில்லை. ஏதோ ஒரு டிஎல்எல் கோப்பு இல்லை என்று சின்னப் பெட்டி வருகிறது. அதுகூட வராமல் திரை ஒரு நொடி கறுத்துவிட்டுப் பழையபடி ஆவதும் உண்டு. அடுத்த ஒரு மணி நேரத்தில் அவன் என்ன செய்யப்போகிறான் என்பதுதான் என் பயம். அந்தக் கோப்பின் பெயரைப் போட்டுத் தேடுவான். முதலில் கண்ணில் படும் தளத்திலிருந்து இறக்குவான். ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இதை ஓடவிடு என்று ஒரு வீடியோ சொல்லும், நிறுத்துவான். பயாஸுக்குள் போய் இதை மாற்று என்று இன்னொரு வீடியோ சொல்லும், மாற்றுவான். கேம் ஓடவில்லை என்பதால் யார் குடியும் மூழ்கிவிடாது. அதை ஓடவைக்கப் போகும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் பாஸ்வேர்டுகள் பறிபோகின்றன, வட்டு பூட்டிக்கொள்கிறது, கணினி பூட் ஆகாமல் நிற்கிறது.

நம் வீடுகளில் கேம் ஆடும் கணினி தனியாக இருப்பதில்லை. அப்பாவின் வருமான வரிக் கணக்கு, அம்மாவின் நெட் பேங்கிங், அக்காவின் கல்லூரிச் சான்றிதழ் நகல், எல்லாருடைய ஆதார் படமும் அதே கணினியில்தான் கிடக்கின்றன. ஆகவே இது விளையாட்டுப் பிள்ளைகளின் பிரச்சினை என்று பெரியவர்கள் விட்டுவிட வேண்டாம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதனால் ஊர் முழுக்க மாற்றம் நடக்கிறது. பதற்றத்தில் மாற்றுகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும்: நாளைக்கே மாற்றியாக வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டு உபயோகக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் நீட்டிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமித்துக்கொள்ள ஒப்புக்கொண்டால் காசு கட்ட வேண்டியதில்லை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும். தேர்வு நேரம், அலுவலக வேலை நேரம் என்றால் அதில் சேர்ந்துகொண்டு, நிதானமாக ஒரு விடுமுறையில் மாற்றுங்கள். ஆனால் திருத்தமே வராத விண்டோஸில் பல மாதம் ஓட்டுவது வேறு விஷயம். அதைச் செய்யாதீர்கள்.

இப்போது அந்த டிஎல்எல் பெட்டிக்கு வருகிறேன். 2000-களில் வந்த ஏராளமான கேம்களுக்கு டைரக்ட்எக்ஸ் 9-இன் துணைக் கோப்புகள் வேண்டும். புது விண்டோஸில் அவை தாமாக இருப்பதில்லை. பழைய கணினியில் என்றோ ஒரு கேமோடு சேர்ந்து உள்ளே வந்திருக்கும். வட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டதும் போயிருக்கும். அவ்வளவுதான் விஷயம். மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலேயே 2010 ஜூன் தேதியிட்ட டைரக்ட்எக்ஸ் தொகுப்பு கிடைக்கிறது; அதை நிறுவினால் டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் கோப்புகள் எல்லாம் ஒரே வீச்சில் வந்துவிடும். விசி ரன்டைம் என்றோ எம்எஸ்விசிபி என்றோ தொடங்கும் கோப்பைக் கேட்டால் விஷுவல் சி++ தொகுப்பு. அதுவும் மைக்ரோசாஃப்டிடமே இலவசம். ஸ்டீமில் வாங்கிய கேம் என்றால், அதன் ஃபோல்டரில் காமன்ரீடிஸ்ட் என்ற பெயரில் இவை பெரும்பாலும் ஏற்கெனவே கிடக்கும். பழைய கேம் ஒன்று டைரக்ட்பிளே கேட்டால், விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் லெகசி காம்பொனன்ட்ஸ் என்பதற்குள் இருக்கும் பெட்டியில் ஒரு டிக் போதும். ஒற்றை டிஎல்எல் கோப்பைத் தனியாக இறக்கித் தருகிறேன் என்று சொல்லும் தளம் எதற்குள்ளும் போகாதீர்கள். அங்கிருந்து வருவது என்னவென்று உங்களால் சரிபார்க்க முடியாது. கேம் திறக்கும்போதெல்லாம் அந்தக் கோப்பும் கூடவே ஓடும்.

இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2022 ஜனவரி கடைசியில், விண்டோஸ் 11 மேம்படுத்தல் இறுதிக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்த மறுநாளே ஒரு போலித் தளத்தின் முகவரி பதிவாகியிருக்கிறது. பார்க்க மைக்ரோசாஃப்டின் பக்கம் போலவே இருந்தது. 'டவுன்லோட் நவ்' பொத்தானும் இருந்தது. ஹெச்பி நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்து விவரம் வெளியிட்டார்கள். இறங்கிய ஜிப் கோப்பு சுமார் 1.5 எம்பிதான், விரித்தால் 750 எம்பிக்கு மேல் ஆனது. உள்ளே வெற்றுத் தரவை அடைத்து ஊதிப் பெருக்கியிருந்தார்கள். கோப்பு அவ்வளவு பெரிதாக இருந்தால் சில ஆன்டிவைரஸ்கள் சோதிக்காமல் விட்டுவிடும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஓடவிட்டால் வந்து உட்கார்ந்தது ரெட்லைன் என்ற திருட்டு மென்பொருள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, கார்டு எண், குக்கி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும் வகை அது. ஓடிபி இருக்கிறதே என்று தைரியமாக இருக்க வேண்டாம். ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பதற்கான அடையாளம்தான் குக்கி. அது கைமாறினால் உங்கள் மெயிலுக்குள்ளும் ஸ்டீம் கணக்குக்குள்ளும் ஓடிபியே கேட்காமல் நுழைந்துவிடலாம். விண்டோஸுக்கு லைசென்ஸ் இல்லாமல் ஆக்டிவேட் செய்யும் கேஎம்எஸ் கருவிகளிலும் இதே மாதிரி திருட்டு மென்பொருளை ஒளித்து வைத்திருந்ததை 2021-இல் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் எடுத்துக் காட்டியது. தெருமுனைக் கடையில் விண்டோஸ் போடக் கொடுத்தால், எதைக் கொண்டு ஆக்டிவேட் செய்தார்கள் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அடுத்தது டிஸ்க் கேம்கள். அலமாரியில் டிவிடி பெட்டிகளைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். நகலெடுப்பதைத் தடுக்க அந்தக் காலத்து கேம்களில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. மேக்ரோவிஷன் நிறுவனத்தின் தயாரிப்பு அது. அந்தப் பூட்டு வேலை செய்ய விண்டோஸின் கருவறையில் ஒரு டிரைவர் உட்கார்ந்திருக்க வேண்டும். செக்டிரைவ் என்பது அதன் பெயர். விண்டோஸோடு சேர்ந்தே அது வந்துகொண்டிருந்தது. 2007-இல் அந்த டிரைவரில் ஓட்டை இருப்பது வெளியானது: சாதாரணப் பயனராக உள்ளே வந்த ஒருவன் அதன் வழியாகக் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றலாம். அப்போது ஒரு திருத்தம் போட்டார்கள். 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது அந்த டிரைவரைச் சேர்க்கவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், பழைய விண்டோஸ்களிலும் அதை நிறுத்திவைத்தது. காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் டிஸ்க் ஓடாமல் போனது இப்படித்தான். வாங்கியவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர்களுடைய கோபம் நியாயமானது.

ஆனால் அந்தக் கோபத்தில் இருப்பவருக்கு இணையத்தில் கிடைக்கும் யோசனையைப் பாருங்கள். பழைய டிரைவரை எங்கிருந்தோ எடுத்து, கையொப்பச் சோதனையை நிறுத்தி, விண்டோஸை டெஸ்ட் மோடில் போட்டு, அதை மறுபடி உள்ளே நுழைத்துவிடு என்கிறார்கள். ஓட்டை என்று தெரிந்து வெளியேற்றிய டிரைவரை, அதுவும் யார் கைபட்டது என்று தெரியாத நகலை, கருவறைக்குள் கூட்டிவரும் வேலை இது. டெஸ்ட் மோடில் இருக்கும் கணினியில் கள்ள ஆட்டத் தடுப்பு உள்ள பல ஆன்லைன் கேம்களும் திறக்காது. இதற்கு நேரான வழி, அந்த கேமின் பூட்டில்லாத பதிப்பு கிடைக்கிறதா என்று பார்ப்பதுதான். ஜிஓஜி என்ற இணையக் கடையின் அடித்தளமே அதுதான். தள்ளுபடிக் காலத்தில் பழைய கேம்கள் மிகக் குறைந்த விலைக்கு வரும். டாஸ் காலத்து 16-பிட் கேம்கள் 64-பிட் விண்டோஸில் நேரடியாக ஓடவே ஓடா. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. அவற்றுக்கு டாஸ்பாக்ஸ் இருக்கிறது. இலவசம், பத்திரமானது.

ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கேம் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு கெட்டுப்போனால், வைரஸ் என்றோ கணினி பழுது என்றோ முடிவுகட்டி உடனே வட்டை ஃபார்மேட் செய்கிறவர்கள் உண்டு. அவர்கள் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸுக்கு நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணினிக்கு 2005-இல் வந்த கேம். இருபது ஆண்டு ஓடியது. விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட்டுக்குப் பிறகு அதில் ஸ்கிம்மர் என்ற கடல் விமானம் மட்டும் காணாமல் போனது. எப்படியாவது அதை வரவழைத்து ஏறினால், ஆள் கற்பனைக்கு எட்டாத உயரத்துக்குத் தூக்கி எறியப்பட்டான். எல்லோரும் விண்டோஸைத் திட்டினார்கள். பழைய கேம்களுக்குத் திருத்தம் எழுதும், சைலன்ட் என்ற புனைபெயர் கொண்ட மென்பொருளாளர் ஒருவர் 2025 ஏப்ரலில் குடைந்து பார்த்து உண்மையை வெளியிட்டார்.

வண்டிகளின் விவரங்களை கேம் ஒரு கோப்பிலிருந்து வரிவரியாகப் படிக்கிறது. ஸ்கிம்மரின் வரியில் மட்டும் சக்கர அளவைச் சொல்லும் எண்கள் விடுபட்டிருந்தன. எண் இல்லை என்றால் என்ன செய்வது என்று கேமில் எழுதவில்லை. நினைவகத்தின் அந்த இடத்தில் ஏற்கெனவே என்ன கிடந்ததோ அதையே எடுத்துக்கொண்டது. முந்தைய வகுப்பு ஆசிரியர் கரும்பலகையில் அழிக்காமல் விட்டுப்போன கணக்கை அடுத்த வகுப்புப் பிள்ளைகள் தங்கள் பாடம் என்று எழுதிக்கொள்வது மாதிரி. அதற்கு முந்தைய வரியில் இருந்த வேறொரு வண்டியின் சக்கர அளவு அங்கே அழியாமல் கிடந்ததால் இருபது ஆண்டு காலம் பிழைத்துப்போனது. 24எச்2-இல் விண்டோஸின் உள்வேலை கொஞ்சம் மாறி, அந்த நினைவக இடத்தில் வேறு எதையோ எழுதிவைக்கத் தொடங்கியது. அவ்வளவுதான், சக்கர அளவுக்குப் பதில் குப்பை எண் வந்து விமானம் வானத்துக்குப் போய்விட்டது. தப்பு 2005-லேயே கேமில் இருந்தது. இந்த நிலையில் நீங்கள் வட்டைத் துடைத்தாலும், ராமை மாற்றினாலும், கிராஃபிக்ஸ் கார்டையே மாற்றினாலும் விமானம் வராது. அவர் வெளியிட்ட சைலன்ட்பேட்ச் திருத்தத்தைப் போட்டால் வரும்.

பழைய கேமுக்குத்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அதே 24எச்2 வந்தபோது அசாசின்ஸ் கிரீட் வல்ஹாலா, ஆரிஜின்ஸ், ஒடிசி, ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸ், அவதார் ஆகிய யுபிசாஃப்ட் கேம்கள் உறைந்து நின்றன. அவை உள்ள கணினிகளுக்கு அந்த அப்டேட்டையே மைக்ரோசாஃப்ட் 2024 நவம்பரில் தடுத்துவைத்தது. உங்களுக்கு அப்டேட் இன்னும் வரவில்லை என்றால் இப்படி ஒரு காரணம் இருக்கலாம். கருவி கொண்டு வலுக்கட்டாயமாக இழுத்துப் போடாதீர்கள்.

இனி நான் அதிகம் அஞ்சுவது: விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடும் பயாஸ். சில கேம்களுக்காக அதற்குள் போக வேண்டி வருகிறது. வேலரன்ட் கேமின் வேன்கார்ட் என்ற கள்ள ஆட்டத் தடுப்பு, விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் செக்யூர் பூட் என்ற பயாஸ் அமைப்பும் இல்லாமல் உள்ளே விடாது. 2025-இல் வந்த பேட்டில்ஃபீல்ட் 6-க்கும் செக்யூர் பூட் கட்டாயம். டிபிஎம் 2.0 இல்லாத பழைய கணினியில் சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11-ஐப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், போட்டுவிடலாம்தான். ஆனால் வேலரன்ட் ஆட முடியாது. காசு கொடுப்பதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

டிபிஎம் இருக்கும் கணினியிலும், வீடியோவைப் பார்த்துக்கொண்டே பயாஸில் செக்யூர் பூட்டை இயக்குவதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் விண்டோஸ் போட்ட கணினிகளில் வட்டு எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கலாம். செக்யூர் பூட்டுக்கு யுஇஎஃப்ஐ முறை வேண்டும். அதற்கு ஜிபிடி முறையில் பிரித்த வட்டு வேண்டும். வட்டை மாற்றாமல் பயாஸை மட்டும் மாற்றினால் விண்டோஸ் எழுந்திருக்காது. மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டாக இருந்தால் திரையில் எதுவுமே வராமலும் போகலாம். ஆகவே முதலில் ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். யுஇஎஃப்ஐ என்றிருந்தால் நல்லது. லெகசி என்றிருந்தால் கையை எடுத்துவிடுங்கள். விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற மாற்றும் கருவி இருக்கிறது. முக்கியமானதையெல்லாம் வெளி வட்டில் நகலெடுத்து, பிறகு அந்தக் கருவி, அதற்குப் பிறகுதான் பயாஸ். இந்த வரிசை மாறக்கூடாது. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

பிட்லாக்கர் என்ற வட்டுக் குறியாக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 24எச்2-ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், வட்டு தானாகவே குறியாக்கம் ஆகிவிடுகிறது. பெரும்பாலானோருக்கு அது நடந்ததே தெரியாது. பின்னொரு நாள் கேமுக்காக பயாஸில் எதையாவது தொட்டதும், நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். சாவி இல்லாவிட்டால் அந்த வட்டில் உள்ள குடும்பப் படம் முதல் சான்றிதழ் வரை எதுவும் திரும்ப வராது. எந்தக் கடைக்காரராலும் எடுத்துத் தர முடியாது. பயாஸுக்குள் போவதற்கு முன் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் அந்தச் சாவியை எடுத்து ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். கடைக்காரர் தன்னுடைய கணக்கிலேயே நுழைந்து விண்டோஸ் போட்டுக் கொடுத்திருந்தால் சாவி அவரிடம் போயிருக்கும். இதையும் மறக்காமல் விசாரியுங்கள்.

சேவ் கோப்புகள் போனால் பிள்ளைகள் அழுவதைப் பெரியவர்கள் அலட்சியமாகப் பார்க்கக் கூடாது. மைன்கிராஃப்டில் ஒரு குழந்தை வருஷக்கணக்கில் கட்டிய ஊர் அது. ஜாவா பதிப்பில் அந்த உலகங்கள் எந்த மேகத்திலும் சேமிக்கப்படுவதில்லை. சி டிரைவில், ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள், ரோமிங், அதற்குள் மைன்கிராஃப்ட், அதற்குள் சேவ்ஸ். கடையில் "டி டிரைவ்ல இருக்கறதெல்லாம் அப்படியே இருக்கும் சார், சி மட்டும்தான் ஃபார்மேட்" என்பார்கள். போவது அந்த சி-இல்தான். சான் ஆண்ட்ரியாஸின் சேவ் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும். இன்னும் பல கேம்களுடையது மை கேம்ஸ், சேவ்ட் கேம்ஸ் என்று சிதறிக் கிடக்கும். ஸ்டீம் கிளவுட் எல்லா கேமுக்கும் கிடையாது. கடைப் பக்கத்தில் அந்தக் குறி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இன்னொரு சிக்கல் ஒன்டிரைவ். புது விண்டோஸில் அது டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையே தன் பக்கம் நகர்த்திக்கொள்வதுண்டு. கேம் பழைய இடத்தில் தேடி, சேவ் இல்லை என்று நினைத்துப் புது ஆட்டம் தொடங்கும். இலவச இடம் வெறும் 5 ஜிபி. ஒன்டிரைவை அவசரத்தில் அழித்தால் சேவும் கூடவே போகலாம். முதலில் கோப்புகளை வெளியே நகலெடுத்துவிட்டு, அதன் செட்டிங்ஸில் டாக்குமென்ட்ஸ் பேக்கப்பை நிறுத்துங்கள்.

லினக்ஸுக்குப் போகிறவர்களுக்கு என் வாழ்த்து. விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓடவைக்க வால்வ் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த புரோட்டான் பெரிய வேலை செய்திருக்கிறது. தனியாக ஆடும் கேம்கள் பெரும்பாலும் ஓடுகின்றன. ஆனால் வேலரன்ட், ஃபோர்ட்நைட் ஓடா. ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபர் கடைசியில் லினக்ஸைத் தடுத்துவிட்டார்கள். ஜிடிஏ ஆன்லைனும் அதற்கு முந்தைய மாதமே போய்விட்டது. ஆடும் கேமின் பெயரை புரோட்டான்டிபி தளத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவருக்கும் காலக்கெடு உண்டு. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகள் நம்மூரில் இன்னும் நிறைய ஓடுகின்றன. அவற்றுக்குப் புது கேம்களுக்கான டிரைவர்கள் 2025 அக்டோபரோடு முடிந்தன. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். பழைய கார்டுக்குப் புது டிரைவர் என்று என்விடியா தளத்துக்கு வெளியே எது கிடைத்தாலும் தொடாதீர்கள்.

மேம்படுத்தல் முறையில் விண்டோஸ் 11-க்குப் போனவர்களுக்குப் பத்து நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி, கோ பேக் என்று போய்ப் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். பத்து நாள் கழித்துப் பழைய கோப்புகளை விண்டோஸ் தானே அழித்துவிடும். இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் முந்தைய விண்டோஸை நீங்களே அழித்தாலும் வழி மூடிவிடும். ஆகவே போட்ட அன்றே, கள்ள ஆட்டத் தடுப்பு உள்ள ஆன்லைன் கேம்களை முதலில் திறந்து பாருங்கள். அடுத்து டிஸ்க் கேம்கள், பழைய கேம்கள், ஒவ்வொன்றிலும் சேவ் திறக்கிறதா என்று. முக்கியமான கேம் ஓடவில்லை, அதன் நிறுவனத் தளத்திலும் திருத்தம் இல்லை என்றால், ஒன்பதாம் நாளுக்குள் திரும்பிவிடுங்கள். ஃபார்மேட் செய்து போட்ட கணினிக்கு இந்த வழி கிடையாது. கடையில் கொடுக்கும்போதே, ஃபார்மேட் வேண்டாம், அப்கிரேட் மட்டும் செய்யுங்கள் என்று சொல்லிக் கொடுங்கள்.